ஆதரவற்ற குழந்தையின் அம்மா

"நான் எப்ப மேடம் செத்தேன்?"

காலையில் நான் அலுவலகத்துக்குள் நுழைந்து கைப்பையைக்கூட மேசைமேல் வைக்கவில்லை. வாசலில் நின்றபடி கஸ்தூரி இப்படிக் கேட்டாள். புடவைக்கு மேலே கம்பெனிக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளின் கேட் மூடினால் மூடியதுதான். அப்புறம் போய் நின்றால் அன்றைய கூலி கிடையாது. அது தெரிந்தும் அவள் அவசரப்படாமல் நின்றாள்.

எங்கள் மையத்தில் குழந்தையை விட்டுவிட்டுத் தையல் வேலைக்குப் போகிற தாய்மார்களில் கஸ்தூரி ஒருத்தி. மகள் தன்ஷிகாவுக்கு மூன்று வயது. நான் அந்த மையத்தை நடத்திய தொண்டு நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர். பதவியின் பெயர்தான் நீளம், அறை ரொம்பச் சின்னது.

அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். சோப்புக் கம்பெனியில் இருந்த காலமெல்லாம் வாடிக்கையாளர்களின் வசவைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் அவள் ரேஷன் கடையில் சர்க்கரை எப்போது வரும் என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"என்னம்மா சொல்றே?"

"நீங்க பாடி பக்கமா வர்லியா மேடம்? பஸ் ஸ்டாப்பிங்காண்ட பெர்சா போட்டு வெச்சிகீறீங்களே, எம் பொண்ணு மூஞ்சிய. வா, வந்து பாரு."

நான் திருமுல்லைவாயலிலிருந்து வருகிறவள். என் வழியில் பாடி கிடையாது. அவளையும் ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். ஆட்டோவில் அவள் கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக வந்தாள்.

பெரிய முகம்

மேம்பாலத்துக்கு முன்னால், லாரிகள் திரும்புகிற இடத்தில், இரும்புக் கால்களின்மேல் தன்ஷிகா அழுதுகொண்டிருந்தாள். நிறத்தை எல்லாம் உறிஞ்சியெடுத்துச் சாம்பலாக்கியிருந்தார்கள். பின்னாத தலைமுடி கண்ணில் விழுந்து கிடந்தது. கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர், பஸ் டயர் அளவுக்கு.

பக்கத்தில் கொட்டை எழுத்தில்: "ஆதரவற்ற இந்தக் குழந்தைக்கு நீங்கள்தான் அம்மா."

கீழே எங்கள் நிறுவனத்தின் பெயர். அதை இங்கே சொல்ல மாட்டேன். ஒரு பூவின் பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொண்டு நிறுவனங்களுக்குப் பூவை விட்டால் விளக்கு, விளக்கை விட்டால் சிறகு.

"தலைகூட வாரி வுடல பாரு மேடம்," என்றாள் கஸ்தூரி. "நான் டெய்லி எண்ண வெச்சு, ரெட்ட ஜடை போட்டு, ரிப்பன் கட்டி இட்டாரேன். எங்க தெருவே கேக்குது, இன்னாடி புள்ளய இப்டி வெச்சிகீறன்னு."

அவளுடைய வருத்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அடுத்ததையும் சொன்னாள்.

நெமிலிச்சேரியிலிருந்து அவள் கணவனின் சித்தப்பா மகன் ஒருவன் பஸ்ஸில் வந்திருக்கிறான். ஜன்னல் வழியாகப் படத்தைப் பார்த்து, போனில் பிடித்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். 'கஸ்தூரி போயிட்டாளாம், புள்ளய ஆசிரமத்துல வுட்டுட்டாங்களாம்' என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

"காத்தாலேந்து போன் மேடம். எத்தினி மணிக்கு எடுக்குறாங்கன்னு கேக்குறாங்க."

எங்கள் பக்கத்தில் 'எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்' என்று கேட்டால், பாடையை எடுக்கும் நேரத்தைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். மாலை வாங்கிக்கொண்டு வருவதற்காக.

"அவரு லோடு ஏத்திகினு கூடூர் தாண்டி போய்கினு கீறாரு," என்றாள். அவள் கணவன் ஏழுமலை லாரி டிரைவர். "வண்டிய ஓரங்கட்டிட்டு எனக்கே போன் போட்டு, கஸ்தூரிக்கு இன்னா ஆச்சுன்னு என்னாண்டயே கேக்குறாரு. நான் பேசிகினே கீறேன். அவரு நம்பாம அழுவுறாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிட வேகமாக அவமானமும் வந்தது. எதிரே நின்றவளிடம் இரண்டையும் காட்ட முடியவில்லை. "இன்னிக்கே எடுக்கச் சொல்றேன்மா," என்றேன்.

"எடுத்தா மட்டும் போதாது மேடம்," என்றாள். "அதே எடத்துல போடணும். இந்தப் பொண்ணுக்கு அம்மா கீறான்னு."

அவள் கேட்டது அவ்வளவுதான். எதிரில் ஒரு சிமெண்ட் லாரி எங்கள் இருவர் மேலும் தூசியை வாரிப் போட்டுவிட்டுப் போனது.

சோப்பிலிருந்து சேவைக்கு

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நான் துணி சோப்பு விற்றவள் என்பது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழுக்குச் சட்டை, வெள்ளைச் சட்டை, நடுவில் எங்கள் சோப்பு. இதை விதவிதமாகச் சொல்லியே மேலாளரானேன். நாற்பதைத் தாண்டியதும் எல்லாரையும் போல எனக்கும் 'அர்த்தமுள்ள வேலை' பார்க்கிற ஆசை வந்தது. அதற்குப் பெயர் ஆசை இல்லை, கிறுக்கு என்று என் கணவர் அப்போதே சொன்னார்.

சோப்பு விற்கும்போது பொய்க்கு ஓர் எல்லை இருந்தது. வெளுக்கும் என்று சொல்லி வெளுக்காவிட்டால், மறுவாரமே கொரட்டூர் மளிகைக்காரர் சோப்பை முகத்தில் விட்டெறிவார். சேவைத் துறையில் அந்த மளிகைக்காரர் இல்லை. காசு கொடுப்பவர் ஒருவர், பொருளைப் பெறுபவர் வேறொருவர். இருவரும் நேரில் பேசிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் தலைமைப் பதவி. எனக்கு இது புரியவே சில வருடங்கள் பிடித்தன.

நான் முதலில் போய்ச் சேர்ந்தது பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். அங்கே தினமும் யாருக்காவது பிறந்த நாள். இல்லத்தில் இருப்பவர்களுக்கு இல்லை, ஊரில் இருப்பவர்களுக்கு. காரில் வருவார்கள், சாம்பாரையும் பாயசத்தையும் பெரியவர்கள் இலையில் பரிமாறிப் படம் பிடித்துக்கொள்வார்கள், எல்லாரையும் கைதட்டிப் பாடச் சொல்வார்கள், கிளம்பிவிடுவார்கள். விசேஷமான முகூர்த்த நாள்களில் அடுத்த காரும் வந்து நிற்கும். அப்போது சாப்பிட்ட இலையை எடுத்துவிட்டு மறுபடி இலை போட வேண்டும்.

கோவிந்தசாமி என்று ஒருவர் இருந்தார். ஆவடியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள் பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பட்டுப்புடவை கட்டிய அந்தப் பிறந்தநாள் அம்மாளை நேராகப் பார்த்துக் கேட்டார்: "எனுக்கு சக்கர கீதும்மா. நீ பொறந்ததுக்கு நான் இன்னாத்துக்கு சாவணும்?"

அன்று மாலை நிர்வாகக் குழுவில் அவரைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். பாயசத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 'நன்றியுணர்வுப் பயிற்சி' கொடுக்கலாம் என்று முடிவானது. அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது.

அங்கிருந்து ஏரி காக்கிற ஒரு நிறுவனத்துக்கு மாறினேன். திருநின்றவூர் ஏரிக்கரையில் சனிக்கிழமை தூய்மைப் பணி. ஐ.டி. கம்பெனிகளிலிருந்து ஒரே நிறச் சட்டையில் ஆட்கள் வருவார்கள். ஒருமுறை வெள்ளிக்கிழமையே யாரோ நல்லவர்கள் கரையைச் சுத்தமாகக் கூட்டி அள்ளிவிட்டார்கள். எங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு முகம் செத்துவிட்டது. எங்கெங்கோ போன் பேசி, விடிவதற்குள் ஒரு டிராக்டர் குப்பையை வரவழைத்துக் கரை நெடுக இறைத்துவிட்டார். தன்னார்வலர்கள் வந்து மகிழ்ச்சியாக அள்ளினார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஏன் மூன்றாவதாக இங்கே வந்தாய் என்று கேட்பீர்கள். இங்கே வேலை உண்மையாக நடந்தது. அதுதான் காரணம்.

பால்வாடி

எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓடு போட்ட நீளமான கட்டடம். காலையில் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுவிட்டு ஓடுவார்கள். ஆயா சரோஜாம்மா வாங்கிக்கொள்வார். கஞ்சி, பருப்புச் சாதம், தூக்கம், சண்டை, மறுபடி தூக்கம். சாயந்திரம் சங்கு ஊதியதும் தாய்மார்கள் திரும்ப ஓடி வருவார்கள். இந்த இடம் இல்லையென்றால் அவர்களில் பாதிப் பேர் வேலையை விட வேண்டியதுதான்.

அவர்கள் அதைப் பால்வாடி என்றார்கள். எங்கள் ஆண்டறிக்கை அதை 'மழலையர் ஒருங்கிணைந்த மேம்பாட்டு மையம்' என்றது. தாய்மார்கள் மாதாமாதம் ஒரு தொகை கட்டினார்கள். அது ஆண்டறிக்கையில் எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் போய்விடும். கட்டணம் கட்டுகிறவர் வாடிக்கையாளர் ஆகிவிடுவார் இல்லையா? எங்களுக்கு வேண்டியது பயனாளி. வாடிக்கையாளர் என்றால் கேள்வி கேட்பார்.

சேர்மன் ஐயாவையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். குடும்பத்துக்குச் சொந்தமாகப் பாடியில் ஒரு பழைய இரும்புப் பட்டறை இருந்தது. அதை மூடி, மனையைக் குடியிருப்பு கட்டுகிறவர்களிடம் கொடுத்துவிட்ட பிறகு அவருக்குப் பொழுது போகவில்லை. சேவை செய்ய வந்துவிட்டார். கதர் சட்டை, மெல்லிய குரல், எதற்கெடுத்தாலும் நெஞ்சில் கை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபம் வரவேண்டிய இடங்களிலும் பார்த்ததில்லை.

அவர்தான் ரோஷனைக் கொண்டுவந்தார். ரோஷன் பிராண்டு ஆலோசகர். அண்ணா நகரில் பிறந்து வளர்ந்து, தமிழ் பேசத் தெரிந்து, எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத பையன். அதைக் குறையாகவும் அவன் நினைக்கவில்லை. முதல் கூட்டத்திலேயே, "உங்க குழந்தைங்க எல்லாம் ரொம்ப ஹேப்பியா இருக்காங்க மேடம், அதான் பிராப்ளம்," என்றான். நான் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன்.

படம் பிடித்த நாள்

படம் பிடித்த நாளில் நான் ஊரில் இல்லை. மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில், கடலைப் பார்த்த அறையில், தொண்டு நிறுவனத் தலைவர்களுக்கான பயிற்சி. தலைப்பைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்: 'கண்ணியமாகக் கதை சொல்லுதல்.' மதியம் இறால் வறுவல் போட்டார்கள்.

நடந்ததைப் பிறகு சரோஜாம்மா சொல்லித்தான் கேட்டேன். போட்டோ எடுக்கிறார்கள் என்று முதல்நாளே தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னால் என்ன செய்வார்கள்? பொங்கலுக்கு எடுத்த கவுனைப் போட்டு, பவுடர் அப்பி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, வளையல் மாட்டி அனுப்பினார்கள். வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து ரோஷனுக்குத் தலைவலியே வந்துவிட்டதாம்.

"எல்லாத்தையும் கயட்ட சொல்றான் மேடம்," என்றார் சரோஜாம்மா. "இயல்பா வேணுமாம். பவுடர தொடச்சான். பொட்ட அழிச்சான். தன்சுக்கு ரிப்பன உருவுனான். அது ஓன்னு அழுவ ஆரம்பிச்சிச்சு. ஆங், இதான், இதான், அப்டியே இருன்னு எடுத்தான் பாரு. நான் ரிப்பன குடுறான்னேன். கொஞ்சம் இரு ஆயான்றான்."

அந்தக் கண்ணீர் ஒரு சிவப்பு ரிப்பனுக்காக வந்தது. அழகாக இருந்த குழந்தையின் அலங்காரத்தைக் கலைத்து, அழவிட்டு, அந்த அழுகைக்குத்தான் 'ஆதரவற்ற' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சொல் வந்த வழி இன்னும் கேவலம். ரோஷன் ஆங்கிலத்தில் எழுதியதன் அர்த்தம், 'பெற்றோர் வேலையில் இருக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத குழந்தைகள்.' அது தவறில்லை, உண்மையே. மொழிபெயர்த்தவர் அதை 'பணி நேரத்தில் ஆதரவற்ற குழந்தைகள்' ஆக்கினார். வடிவமைத்தவருக்கு இடம் போதவில்லை. 'பணி நேரத்தில்' வெட்டுப்பட்டது. ஒப்புதல் கொடுக்கவேண்டிய ரோஷன் எழுத்துகளின் நிறத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தான். சேர்மன் தமிழ் படிப்பார். படித்தார். நெஞ்சில் கை வைத்து, "டச்சிங்," என்றாராம்.

தாயும் தகப்பனும் இருக்கிற பிள்ளையை நம் ஊரில் எவ்வளவு கோபம் வந்தாலும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சண்டையில் வாய் தவறி வந்தால்கூட 'ச்சீ' என்று தன் வாயில் தானே அடித்துக்கொள்வார்கள். அதைத்தான் இவர்கள் இரும்புத் தூண் நட்டு விளக்குப் போட்டு வைத்தார்கள்.

சென்டிமென்ட்

பாடியிலிருந்து நேராகச் சேர்மன் வீட்டுக்குப் போனேன். வெட்டிய கொய்யாப்பழம் தட்டில் வந்தது. கஸ்தூரி கேட்டதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"பாவம்," என்றார். கொய்யாவுக்கு மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டார். "ஆனா ரெஸ்பான்ஸ் ரொம்ப நல்லா இருக்கு மேடம். போன் நிக்கவே இல்ல. ஒரு லேடி தத்தெடுக்கவே ரெடி."

"தத்தெடுக்க அம்மா சம்மதிக்கணும் சார். அவங்க பஸ் ஸ்டாப்ல நிக்கிறாங்க."

"நீங்க லிட்டரலா எடுத்துக்கறீங்க. அது ஒரு சென்டிமென்ட். ஆதரவற்றன்னா, ஒரு வகையில நாம எல்லாருமே ஆதரவற்றவங்கதானே?"

"அப்ப உங்க பேரன் போட்டோவப் போடலாம் சார்," என்றேன்.

அவர் கோபப்பட மாட்டார் என்று சொன்னேனே, அன்றும் படவில்லை. கை துடைத்துக்கொண்டார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை பலகையை எடுக்க முடியாது, அடுத்த வாரம் நன்கொடை தரும் கம்பெனியிலிருந்து பார்வையிட வருகிறார்கள், அதுவரை பொறுக்கவேண்டும் என்றார். "அந்த லேடிக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் குடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க," என்று அனுப்பிவைத்தார்.

நான் புடவை எடுக்கவில்லை. கஸ்தூரியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவள், "என்னிக்கு மேடம் வராங்க அவங்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

பார்வையிட வந்தவர்கள்

பார்வையாளர் வரும் நாளில் தாய்மார்கள் கண்ணில் படக்கூடாது என்பது எழுதாத சட்டம். அவர்கள் நன்றாக உடுத்தியிருப்பார்கள், சத்தமாகப் பேசுவார்கள், சிரிப்பார்கள். கொடுக்க வந்தவருக்கு மனம் மாறிவிடும். அதனால் பார்வையிடும் நேரம் எப்போதும் ஷிஃப்ட் நேரம்.

அன்று ஏசி வேனில் வந்து இறங்கினார்கள். சந்தனம், ரோஜா, வரவேற்புப் பாட்டு. சேர்மன் நடுவில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. கம்பெனிக் கோட்டோடு தாய்மார்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பர்மிஷன் போட்டிருக்கிறார்கள். அந்த மாத வருகை ஊக்கத்தொகை போனால் போகட்டும் என்று வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டு அவரவர் அம்மாவிடம் ஓடின.

வந்திருந்தவர்களில் மூத்த அம்மையார் சேர்மனைக் கேட்டார்: "இவங்க எல்லாம் ஸ்டாஃபா?"

"கம்யூனிட்டி," என்றார் சேர்மன்.

தன்ஷிகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கஸ்தூரி முன்னால் வந்தாள். மைக் தேவைப்படவில்லை. தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"வணக்கம்மா. நான்தான் அந்த ஆதரவற்ற கொழந்தைக்கு அம்மா. செத்துட்டேன்னு போட்டுக்கீறாங்க, சாவல. இவங்க எல்லாரும்கூட சாவல. நாங்க துணி தெச்சு, இங்க துட்டும் கட்டிதான் புள்ளைங்கள வுடறோம். நீங்க குடுக்கறத வாணாம்னு சொல்ல வர்ல. குடுங்க, நல்லாருப்பீங்க. ஆனா எங்கள சாவடிச்சிட்டு குடுக்காதீங்க."

அந்த அம்மையாரின் கண்கள் கலங்கிவிட்டன. இருபது வருடத் தொழிலில் நான் கேட்ட பேச்சுகளிலேயே உண்மையான பேச்சு அது, இவருக்கும் உறைத்துவிட்டது என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

அம்மையார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வாவ். இதை ரெக்கார்ட் பண்ணிட்டீங்களா?"

பண்ணவில்லை. ரோஷன் பாய்ந்து வந்தான். நாற்காலி ஒன்றை ஜன்னலோரம் இழுத்துப் போட்டான். "அக்கா, சூப்பர்க்கா. இன்னொரு தடவ, ஃபர்ஸ்ட்லேந்து. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. அந்தச் 'சாவடிச்சிட்டு' மட்டும் வேணாம்."

கஸ்தூரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளா தெரியாது. நான் ரோஜாத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"வா தன்சு, ஊட்டுக்கு போலாம்," என்றாள்.

அவள் போனாள். அடுத்தவள் தன் பிள்ளையின் பையை எடுத்தாள். பிறகு இன்னொருத்தி. அலமாரியிலிருந்த டம்ளர்களையும் மாற்றுத் துணிகளையும் தேடித் தேடி எடுத்துக்கொண்டு எல்லாரும் கிளம்பினார்கள். மறுநாள் வேலைக்குப் போக வழியில்லை என்று தெரிந்தேதான் போனார்கள். அடுப்பில் பருப்புச் சாதம் அப்படியே இருந்தது.

அன்று மாலையே வேலையை விட்டேன். சேர்மன் வருத்தப்பட்டார். "இவ்வளவு எமோஷனலா இருக்கறவங்க இந்த ஃபீல்டுக்கு லாயக்கில்லைங்க," என்றார்.

டிசைன் இல்லை

அடுத்து வந்த வாரங்களில் அந்தப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சிலர் வேலையை விட்டார்கள். சிலர் ஆள் மாற்றி ஆள் லீவு போட்டு எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்கள். சரோஜாம்மாவும் வேலையை விட்டுவிட்டு வந்த பிறகுதான், பட்டரைவாக்கம் ரயில்வே கேட் பக்கம் ஒரு வீட்டின் முன்பகுதியை வாடகைக்குப் பிடித்து, தாங்களே பால்வாடியை ஆரம்பித்தார்கள். வாடகை ஒப்பந்தம் எழுத மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள்.

பலகை அப்படியேதான் நின்றது. ஏழுமலை இதற்கிடையில் லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்பியிருந்தான். மனைவியை நேரில் பார்த்த பிறகும் அவனுக்கு ஆறவில்லை. ஒருநாள் காலையில் கஸ்தூரி போன் செய்து பாடிக்கு வரச் சொன்னாள்.

பெரிய பலகையின் இரும்புக் காலிலேயே ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ரோஸ் நிறப் பின்னணி, மூலைக்கு மூலை பலூன், நடுவில் ரெட்டை ஜடையோடு தன்ஷிகா. அவளைவிடப் பெரிதாக, பட்டுப்புடவையில் சிரிக்கிற கஸ்தூரி. 'எங்கள் குட்டி இளவரசிக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். இவண்: உயிரோடு இருக்கும் அம்மா கஸ்தூரி, அப்பா ஏழுமலை, மற்றும் மாமன்மார்கள்.'

"இன்னிக்கா பொறந்த நாள்?" என்று கேட்டேன்.

"அது கார்த்தி மாசம் மேடம்," என்றான் ஏழுமலை. "ஃபிளெக்ஸ் கடைல கல்யாணம், காதுகுத்து, பொறந்த நாளு, சாவு, இதான் கீதாம். ஆளு உசுரோட கீதுன்னு சொல்றதுக்கு டிசைன் இல்லயாம்."

நான் எழுதி, எழுதவைத்து, பரிசு வாங்கிய விளம்பரங்கள் நிறைய. அதில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது. பஸ்ஸில் போனவர்கள் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள், மறுபடி மேலே பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். கஸ்தூரி கம்பெனிக்கு நேரமாகியும் கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்தாள்.

மதியத்துக்குள் மாநகராட்சி ஆட்கள் வந்து அனுமதி வாங்காத பேனர் என்று இறக்கிவிட்டார்கள். மேலே இருந்ததற்கு அனுமதி இருந்தது. ஏழுமலை சண்டை எதுவும் போடவில்லை. ஃபிளெக்ஸை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கி, சுருட்டி, தோளில் வைத்துக்கொண்டு போனான்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அந்தப் புதுப் பால்வாடிக்குப் போயிருந்தேன். மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாம் தூக்கம். தரையில் சிமெண்ட் சில்லிடாமல் இருக்க அந்த ஃபிளெக்ஸை விரித்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் பலூன் மேலும் எழுத்து மேலும் கிடந்தன. தன்ஷிகா நகர்ந்து நகர்ந்து வந்து, அச்சடித்த அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

என் கை தானாகப் பைக்குள் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்துவிட்டேன். போனைப் பாதி எடுத்தபோது சரோஜாம்மா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"போட்டோ புடிக்கவா மேடம்?"

"இல்ல சரோஜாம்மா," என்றேன். "மணி பாக்கலாம்னு எடுத்தேன்."

அவர் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல் சொன்னார்: "மணி செவுத்துல கீது."